‘திடீர்’ மண்சரிவு

மலைநாட்டில் மண் சரியும் போதெல்லாம் பத்திரிகைத் தலைப்பில் ‘திடீர்’ என்ற சொல் வந்து அமர்ந்துகொள்ளும். பல ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் தொழிலில் இவ்வளவு பொருத்தமற்றுப் புழங்கும் சொல் வேறில்லை. சரிவுக்கு முன்னர் நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழுகிறது. மரமும் மின்கம்பமும் சாய்கின்றன. ஊற்றே இல்லாத இடத்தில் நீர் கசிகிறது. நாள்தோறும் தெளிந்து ஓடிய ஊற்று கலங்குகிறது, அல்லது வற்றிவிடுகிறது. இவற்றையெல்லாம் முதலில் காண்பவர்கள் அந்தச் சரிவிலேயே குடியிருப்பவர்கள்தாம்.

கண்டியைச் சூழ்ந்த ஹேவாஹெட்டை, தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, நாவலப்பிட்டி மலைகள் ஒரு காலத்தில் அடர்காடுகள். கோப்பிக்காகக் காடு அழிந்தது. பின்னர் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். ஆழ வேரோடிய மரங்கள் போன இடத்தில் மழைநீரை வழிப்படுத்தத் தோட்டங்கள் கண்டுபிடித்த உபாயம் ‘கான்’. சரிவின் குறுக்கே வெட்டப்பட்ட இந்த வடிகால்கள் நீரை ஓடைக்குக் கொண்டு சேர்த்தன. கான் வெட்டுவது தோட்டத்து ஆண்களின் கடினமான வேலைகளுள் ஒன்று. அதனை யாரும் பாதுகாப்புப் பணி என்று அழைத்ததில்லை. கான் தூர்ந்தால் நீர் நிலத்துக்குள் இறங்கும். பாறைமேல் படிந்த தடித்த மண் அந்த நீரைக் குடித்துக் கனத்து, பிடிப்பை இழந்து, ஒருநாள் வழுக்கும். இன்று காடுபற்றிக் கிடக்கும் தேயிலை மலைகளைக் காணும்போது என் கண்ணில் முதலில் படுவது தூர்ந்த கான்களே. கீழேயுள்ள கிராமங்களின் கதை சற்று வேறு. அங்கு வீடு கட்டவும் வீதி அகலிக்கவும் மலையடியைச் செங்குத்தாக வெட்டி, மலையின் தாங்குகாலையே எடுத்துவிடுகிறோம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் அபாய வலய வரைபடங்களைத் தயாரித்து வருகிறது. ஆகவே அறிவு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் புதையுண்டபோது, அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். எங்கே வெளியேறுவது? லயம் எங்கே அமையவேண்டும் என்பதை அங்கு வாழ்பவர்கள் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொந்தக் காணியும் இல்லை. தப்பியவர்கள் புது வீடு காண ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர்.

2016 மே மாதம் அரநாயக்கவில் நூற்றுக்கும் அதிகமானோரை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியின் இழப்பே மிக அதிகம். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. நியாயமான குறைதான். வந்த அறிவித்தல்களும் பிரதேச செயலகப் பிரிவின் பெயரைத்தான் சொல்லும். மலையுச்சி டிவிசனில் இருக்கும் ஒரு குடும்பம் அது தன்னைக் குறிக்கிறதா என்பதை எப்படி அறியும்?

மழையளவு அறிவிக்கப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் வெளியேறும் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனத்தின் பொதுவான அளவுகோல். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரப் பேணியை மரநிழல் படாத வெளியில் வைத்து, பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தாலே போதும்: ஏழரைச் சென்ரிமீற்றர் முதல் எல்லை. சுவரில் புது வெடிப்போ கலங்கல் ஊற்றோ தெரிந்துவிட்டால் அந்த எல்லைக்கும் காத்திருக்கக் கூடாது. இரவில் ஏறிப்போய்த் தங்கக் குறித்து வைத்திருக்கும் கோயிலோ பாடசாலையோ அதே சரிவின் கீழ் இருக்கிறதா என்பதை மட்டும் பகலிலேயே பார்த்துவிட வேண்டும். பல தோட்டங்களில் அவையும் அங்கேதான் இருக்கின்றன.