நெஞ்செரிச்சலும் நெஞ்சுவலியும்

சொல் வழிகாட்டவும் செய்யும். சில வேளை வழிதவறவும் செய்யும். தமிழில் 'நெஞ்செரிச்சல்' என்கிறோம். அரபியில் 'ஹுர்கத்துல் மஇதா', அதாவது இரைப்பை எரிவு என்பர். உண்மையில் எரிவது இதயமுமன்று, இரைப்பையுமன்று, உணவுக்குழாயே. நம் வீட்டு மூதாட்டியர் வழங்கிய 'எதுக்களித்தல்' என்னும் சொல்லே உண்மைக்கு அண்மையில் நிற்கிறது.

இரைப்பையில் அமிலம் சுரப்பது நோயன்று. உணவு செரிக்கவும் கிருமிகள் மடியவும் அது வேண்டும். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசைவளையம் தளரும்போது அமிலம் மேலேறுகிறது. ஆகவே, அமிலம் மிகுந்துவிட்டது என்று நாம் கூறுவது பெரும்பாலும் பொருந்தாது. அது இடம் மாறியதே துன்பம்.

எரிச்சலையெல்லாம் 'அல்சர்' என்பது மற்றொரு பிழை. இரைப்பைப் புண் வேறு. அதற்குப் பெரிதும் காரணமான கிருமியை 1982இல் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. பால் குடித்தால் எரிச்சல் தீரும் என்பதும் அரை உண்மையே. சற்று நேரம் தணிந்தாலும், பின்னர் அப்பாலே அமிலத்தைச் சுரக்கச் செய்யும்.

ரமளானில், "நோன்பு வைத்ததால் எரிகிறது" என்போர் உளர். நோன்பைக் குறைகூறுமுன் நம் சஹர் உணவை நோக்குவோம். நெய்யும் இறைச்சியுமாக வயிறு புடைக்க உண்டு, சுபுஹு தொழுததும் படுத்துவிடுகிறோம். படுத்த உடலில் அமிலம் மேலேறுவது எளிது. அளவாக உண்டு, இயன்றவரை சிறிது நேரம் அமர்ந்திருந்து, கட்டிலின் தலைப்பக்கத்தை 6 அங்குலம் உயர்த்தி, இடப்புறம் சாய்ந்து படுப்பது நலம்.

இவற்றினும் கொடிய பிழை ஒன்றுண்டு; இதயவலியை 'வாய்வு' என்று தள்ளிவிடுவது. நம் தெருவில் பெரியவர் ஒருவருக்கு இஷாவுக்குப் பின் நெஞ்சு இறுகி, உடல் வியர்த்தது. ஒருவர் சோடா கொணர்ந்தார். ஒருவர் ஓமநீர் காய்ச்சினார். இளைஞன் ஒருவன் மட்டும் எவர் சொல்லையும் கேளாது ஆட்டோவை அழைத்து வந்தான். மாரடைப்பு என்றார் மருத்துவர். பெரியவர் பிழைத்தார்.

இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை தோன்றின் சோடாவைத் தேடாதீர், 108ஐ அழையுங்கள். விழுங்கத் தடை, காரணமின்றி உடல் மெலிதல், கருமலம் இவை காணின் மருத்துவரிடம் காலம் தாழ்த்தாதீர். எரிச்சல் என்று தெரிந்த பிறகு பொறுத்துக்கொள்ளலாம். தெரியுமுன் பொறுப்பது பொறுமையன்று.