விழுந்தால் யோக்கியன்

போஸ்ட்கிரெஸ் என்கிற இலவச டேட்டாபேஸின் 9.6-ஆம் பதிப்பு 2016 மே மாதம் பீட்டாவாக, அதாவது வெள்ளோட்டத்துக்கு வந்தது. புது விசேஷம், பாரலல் குவெரி. ஒரே குமாஸ்தா ஆயிரம் ஃபைலையும் புரட்டாமல், நாலு பேர் பங்கு போட்டுப் புரட்டிக் கடைசியில் கூட்டிச் சொல்வது மாதிரி.

அதை உடைத்துப் பார்ப்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு உடைக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

உடைந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஒரு ப்ராஸஸ் மூர்ச்சையானால், தலைமை ப்ராஸஸ் மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடையைப் புதிதாகத் திறக்கும். எல்லோருக்கும் பொதுவான மெமரியில் விழுந்தவன் எதைக் கிறுக்கிவிட்டு விழுந்தானோ என்கிற பயம்!

பக்கத்து சீட் தம்பி வேலைக்குப் புதுசு. அவர் எழுதிய ரிப்போர்ட்: 'குவெரி ஓட்டினேன். புட்டுக்கிச்சு.'

"தம்பி, இது ரிப்போர்ட் இல்லே, ஒப்பாரி" என்றேன்.

எந்தப் பதிப்பு, டேபிளில் எத்தனை வரிசை, திரும்ப ஓட்டினால் திரும்ப விழுகிறதா, லாகில் கடைசியாக என்ன இருக்கிறது? இத்தனையும் வேண்டும். அப்புறம் குவெரியைச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு வரியாக வெட்டிக்கொண்டே போய், இனி ஒன்றை எடுத்தாலும் விழாது என்கிற இடத்தில் நிற்க வேண்டும். அவருடைய நாற்பது வரி, சாயங்காலத்துக்குள் மூன்று வரியானது. மூன்று வரி இருந்தால் திருத்துகிறவர் அன்றைக்கே உட்காருவார். நாற்பது என்றால் நாளைக்கு.

"விழுந்ததுக்கா சார் இவ்ளோ சந்தோஷம்?"

"விழறவன் யோக்கியன்ப்பா. விழாம தப்பாக் கூட்டிச் சொன்னா? யாரோ பெரியவரோட பென்ஷன்ல நூறு ரூபா குறையும். ஏன்னு அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது."

தம்பி சிரிப்பை நிறுத்தினார். அன்றிலிருந்து ஒவ்வொரு குவெரியையும் இரண்டு தரம் ஓட்டினார். பாரலலை அணைத்து ஒரு தரம், போட்டு ஒரு தரம். இரண்டு தொகையும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால்தான் டீக்கு எழுந்திருப்பார்.

2016 செப்டம்பரில் 9.6 முழுசாக வெளிவந்தபோது பாரலல் குவெரி அணைத்தே வந்தது, வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளலாம். 2017-இல் 10-ஆம் பதிப்பில்தான் தானாகவே ஓட விட்டார்கள். நியாயம்தான். நாலு பேர் கூட்டினாலும் ஒருத்தர் கூட்டிய தொகையே வர வேண்டும். வராவிட்டால், தயவுசெய்து விழுந்து தொலையட்டும்.