பெரியப்பாவின் மார்செய்யேஸ்

ஜூலை 14 அன்று நம் கடற்கரைச் சாலையில், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால், இரண்டு தேசிய கீதங்கள் ஒலிக்கும். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு வந்து நிற்கும் சொல்தாக்களில் என் பெரியப்பாவும் ஒருவர். இந்தோசீனாவில் பணி செய்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1962-இல் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர் பிரான்சு என்று எழுதிக் கொடுத்தார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை, இந்தியர் ஆனார். ஒரே வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு தேசத்தார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'லா மார்செய்யேஸ்' பாட்டை வகுப்பில் நெட்டுருப் போட வைத்தார்கள். அதன் கதையையும் வாத்தியார் சொன்னார். 1792 ஏப்ரல் 20-ஆம் தேதி பிரான்சு ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. ஸ்திராஸ்பூர் நகர மேயர் தீத்ரிக், படைகளுக்கு ஒரு நல்ல பாட்டு வேண்டும் என்று அங்கிருந்த பொறியாளர் படைக் காப்டன் ரூஜே த லீலைக் கேட்டார். அவர் 25-ஆம் தேதி இரவு உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டார். ரைன் படைக்கான போர்ப்பாட்டு என்பதுதான் அதற்கு முதலில் வைத்த பெயர். மார்செய் நகரத் தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே பாரீசுக்குள் நுழைந்ததால், அவர்கள் ஊர்ப் பெயரே பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. பிறந்தது ஓர் ஊர், பெயர் இன்னோர் ஊர்.

வாத்தியார் சொல்லாத மீதியை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். பாட்டை எழுதியவர் மன்னராட்சியை ஒழிப்பதை ஏற்காதவர். அதனால் புரட்சி அரசே அவரைச் சிறையில் போட்டது. பாட்டுக் கேட்ட மேயரின் தலை 1793-இல் கில்லட்டினில் போயிற்று. ரூஜே த லீல் வறுமையில் வாடி 1836-இல் இறந்தார்.

பாட்டும் படாத பாடு பட்டது. 1795-இல் தேசிய கீதம் ஆனது. நெப்போலியன் அதை ஓரங்கட்டினார், பின்னால் வந்த மன்னர்கள் தடையே போட்டார்கள். 1879-இல்தான் மீண்டும் நிலைத்தது. இடையில் 1830-இல் பெர்லியோஸ் என்ற இசை மேதை பெரிய வாத்தியக் குழுவுக்கும் கூட்டுக்குரலுக்குமாக அதை அமைத்தார். ஆளுக்கொரு விதமாக வாசித்துக்கொண்டிருந்ததால், 1887-இல் போர் அமைச்சகம் கமிட்டி போட்டு ஒரு வடிவத்தை அதிகாரபூர்வமாக்கியது. கமிட்டி என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் கோப்பு தள்ளியவனுக்கு வராதா? நம் ஜன கண மனவுக்கும் சுமார் 52 வினாடி என்று அரசு கணக்கு வைத்திருக்கிறதே.

1974-இல் ஜிஸ்கார் தெஸ்தேன் குடியரசுத் தலைவரானதும் கீதத்தின் வேகத்தைக் குறைக்கச் செய்தார். பழைய பாணிக்குத் திரும்புவது அவர் நோக்கம். பட்டாளத்தில் இருந்த பெரியப்பா மகன் விடுப்பில் வந்தபோது, அந்தப் புது வாசிப்பைக் கேசட்டில் பதிந்துகொண்டு வந்தார். பெரியப்பா பாதிவரை கேட்டார்.

"என்னடா இது, பொணத்துக்குப் பின்னால போற மாதிரி வாசிக்கிறான்? இதுக்குக் கால் எப்படிடா எழும்பும்?" என்று சொல்லி பொத்தானை அமுக்கிவிட்டார்.

1981-இல் மித்தேரான் வந்து பழைய வேகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதைக் கேட்கப் பெரியப்பா இல்லை.

1976 ஜூலை 14. நாட்டில் நெருக்கடி நிலை. நான் அரசு வேலையில் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. முட்டி வலியால் நடக்க முடியாத பெரியப்பாவை ரிக்ஷாவில் வைத்துக் கூட்டிப் போனேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட நின்னு பாடுடா தம்பி. எனக்கு நடுவுல அடி மறந்துபோவுது. உனக்குத்தான் முழுசாத் தெரியும்."

"நீங்க போங்க பெரியப்பா, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றேன்.

ஆபீஸ்காரர் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம். வேறு நாட்டுக் கீதத்தை ஒரு குமாஸ்தா பாடினான் என்று யாராவது மேலே எழுதிப் போட்டால்? இன்று நினைத்தால், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அன்று சாலைக்கு இந்தப் பக்கம், கடல் சுவரோரம் நின்றுகொண்டேன். பாண்டு வாசித்தது. பெரியப்பாவின் வாய் கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தார். நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஜூலைக்கு அவர் இல்லை.

போன வருஷம் நான் அந்தப் பக்கம் போய் நின்றேன். பென்ஷன்காரனை இனி யார் என்ன செய்ய முடியும்? மார்செய்யேஸ் பாடினேன், ஜன கண மனவும் பாடினேன். இந்த வயதில் அந்த வேகத்துக்கு மூச்சு ஈடு கொடுக்கவில்லை, இரண்டு இடத்தில் விட்டுப் பிடித்தேன். ஆனால் ஓர் அடிகூட மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "தொண்டை ஏன் கட்டியிருக்கு, கடல் காத்தா?" என்று மனைவி கேட்டாள்.

ஆமாம் என்றேன்.