ஐந்தாவது கியர்

"பிறர் பொருளை வண்டியில் ஏற்றிய நொடியிலிருந்து அது நம் கழுத்தில் ஏறிய அமானிதம். இறக்கிக் கணக்கு ஒப்படைக்கும் வரை நமக்கு நிம்மதி இல்லை" என்பார்கள் என் அத்தா. நாற்பதாண்டுக் காலம் சரக்கு ஏற்றிக் குடும்பத்தைக் காத்த அந்த மனிதர் விட்டுச் சென்ற வண்டியில் நான் ஒரு மாற்றம் செய்தேன். செய்தது சரிதானா என்னும் கேள்வி நெடுநாள் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் விருத்தாசலத்தை வெளியூரார் திருக்கோயிலாலும் இரயில் சந்திப்பாலும் அறிவர். உள்ளூராருக்கோ அது பீங்கான் ஊர். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அத்தகைய களிமண்ணைக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுகளில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டெடுத்தால் பொம்மையாகவும் அகல் விளக்காகவும் மின்சார ஃபியூஸ் கேரியராகவும் அது உருப்பெறுகிறது. அவற்றை வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் அடுக்கிச் சென்னைக்குக் கொண்டு சேர்ப்பதே அத்தாவின் தொழில். ஒரு பொம்மையின் விரல் ஒடிந்தாலும் அதற்குரிய கூலியைத் தாமே கழித்துக்கொண்டு வாங்குவார்கள்.

அதற்கென 1987-இல் அவர்கள் வாங்கியது ஒரு மகிந்திரா பிக்-அப். முன்னால் ஜீப்பின் முகமும் பின்னால் திறந்த சரக்குத் தட்டும் உடையது. பிரான்சின் பெஜோ நிறுவனத்தோடு 1979-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக நம் நாட்டில் உருவான டீசல் எஞ்சின். முன்னோக்கிச் செல்ல நான்கே கியர்கள். வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் அத்தா ஒரு செய்தியைக் கூறுவார்கள். 1945-இல் இந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மகிந்திரா அண்டு முகம்மது'. கூட்டாளியான குலாம் முகம்மது அவர்கள் பிரிவினைக்குப் பின் பாக்கிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார்; பிற்காலத்தில் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். 1948-இல் நிறுவனம் இன்றைய பெயரைப் பெற்றது.

2003-இல் அத்தா மௌத்தானார்கள். வண்டியும், அதன் ஓட்டுநர் அண்ணனும் என் பொறுப்பில் வந்தனர். நெடுஞ்சாலை நான்கு வழியாக அகன்றபின் எங்கள் வண்டியின் குறை வெளிப்பட்டது. உளுந்தூர்ப்பேட்டையில் நெடுஞ்சாலையைத் தொட்டதும் நான்காவது கியரிலேயே மணிக்கணக்கில் ஓடவேண்டும். எஞ்சின் ஓயாது அலறும். அருகில் அமர்ந்து பேசுவதும் இயலாது. இருபத்து நான்கு ஆண்டுகள் அந்த இரைச்சலில் அமர்ந்திருந்த அண்ணனுக்குச் செவிப்புலன் மங்கிவிட்டது. எதையும் இருமுறை சொன்னால்தான் அவருக்கு எட்டும். அவர் ஒருநாள் கூறினார்: "தம்பி, வண்டிக்கு இன்னும் வயதாகவில்லை. நாம்தான் அதை மூச்சு வாங்க விடாமல் ஓட்டுகிறோம்."

மெக்கானிக் பாய் அதன் காரணத்தை விளக்கினார். நான்காவது கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னச்சுக்குச் செல்லும் தண்டும் ஒரு சுற்றே சுற்றும். ஐந்தாவது கியர் 'ஓவர் டிரைவ்' எனப்படும். அதில் எஞ்சினைவிடத் தண்டு மிகுதியாகச் சுற்றும். விகிதம் 0.8 என்று கொண்டால், முன்பு 2,500 சுற்றுகளில் ஓடிய எஞ்சின் அதே வேகத்திற்கு 2,000 சுற்றுகளில் ஓடினால் போதும். பல் சக்கரங்களின் அளவை மாற்றி விசையை வேகமாகவும் வேகத்தை விசையாகவும் மாற்றும் கலை பழமையானது. 1206-இல் தியார்பக்கிரில் அர்துகிய மன்னரின் அவையிலிருந்து நூல் எழுதிய அல்-ஜஸரீ, பல் சக்கரங்களால் நீர் இறைக்கும் பொறிகளை அதில் படத்தோடு விளக்கியிருக்கிறார். எங்கள் பட்டறையில் நடக்கவிருந்தது அந்த நெடும் மரபின் ஒரு சிறு துளியே.

அதே நிறுவனத்தின் அர்மடா வண்டிகளில் வந்த ஐந்து கியர் பெட்டி எங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்றார் பாய். அம்மாவிடம் தெரிவித்தேன். "அத்தா கை வைத்த வண்டியைப் பிரிக்கப் போகிறாயா?" என்று மட்டும் கேட்டார்கள். மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. அந்தக் கேள்வியோடுதான் 2011-இல் வேலையைத் தொடங்கினேன்.

முதல் சோதனை பணத்தின் உருவில் வந்தது. தரகர் ஒருவர் பாதி விலைக்கு ஒரு கியர் பெட்டியைக் கொண்டுவந்தார். பார்வைக்குப் புதிது போலிருந்தது. ஆனால் எண் இருக்கவேண்டிய இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. இரசீது கேட்டேன். "பழைய சாமானுக்கு ஏது இரசீது, பாய்?" என்று சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன்: என் கை சட்டைப் பைக்குச் சென்றது. மெக்கானிக் பாய் என்னைத் தனியே அழைத்து, "இது எவர் வாசலில் நின்ற வண்டியோ! இதைப் பூட்டினால், ஏற்றுகிற ஒவ்வொரு சரக்கையும் திருட்டுப் பொருளின் மேலல்லவா ஏற்றுகிறீர்கள்? உங்கள் அத்தா இதைத் தொட்டிருப்பார்களா?" என்றார். நாணத்தால் தலை குனிந்தேன். தரகரைத் திருப்பி அனுப்பினோம்.

இரண்டு மாதங்கள் காத்திருந்து, சென்னைப் புதுப்பேட்டையில் முறையாகக் கழிக்கப்பட்ட ஒரு வண்டியின் பெட்டியை இரசீதோடு வாங்கினோம். வண்டியில் மாற்றம் செய்வதைச் சட்டம் கட்டுப்படுத்துவதால், பதிவுச் சான்றைக் கொண்டு சென்று உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, இசைவு பெற்ற பின்னரே ஸ்பானரைத் தொட்டோம்.

பழைய பெட்டியை இறக்க ஒருநாள் ஆயிற்று. புதியது அதனினும் நீளமாதலால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்தள்ளிப் புதுத் துளைகள் இட்டனர். புரொப்பல்லர் ஷாப்டை லேத் பட்டறையில் அந்த அளவிற்குக் குறைத்து, சமன் பார்த்து வாங்கினர்; சமன் தவறினால் வண்டி முழுதும் நடுங்கும். பெட்டியின் தண்டிலுள்ள பற்களுக்கேற்ற கிளட்ச் பிளேட்டைத் தேடிப் பிடித்தனர். கியர்த் தடி வெளிவரும் துளையைத் தரைத் தகட்டில் வேறிடத்தில் வெட்ட நேர்ந்தது. அத்தாவின் வலக் கால் ஊன்றித் தேய்ந்த தடம் அத்தகட்டில் இருந்தது. அதைத் தொடாமல் ஒதுக்கி வெட்டும்படி கேட்டுக்கொண்டேன். பாய் அவ்வாறே செய்தார்.

ஒன்றை மட்டும் அவர் வற்புறுத்திக் கூறினார்: "ஐந்தாவதில் இழுவிசை குறைவு. பாரத்தோடு மேடு ஏறும்போது அதில் பிடிவாதமாக நிற்காதீர்கள், நான்கிற்கு இறங்கிவிடுங்கள். சமதளத்தில் வேகம் பிடித்த பிறகே ஐந்து." மனிதருக்கும் பொருந்தும் அறிவுரையாகவே அது எனக்குப் பட்டது.

முதல் பயணத்தில் அம்மாவும் உடன் வந்தார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டுநர் அண்ணன் ஐந்தாவது கியரைப் போட்டதும் எஞ்சினின் அலறல் தணிந்து முனகலாயிற்று. வேகம் குறையவில்லை. அதன்பின் பொருள் உடைவதும் குறைந்தது. எனினும் அந்தப் பெருமை முழுவதையும் கியருக்கே நான் சூட்டமாட்டேன். சாலையும் செம்மையாகியிருந்தது.

அஸர் வேளையில் அண்ணன் திடீரென வண்டியை ஓரம் கட்டினார். ஏதோ பழுது என்று எண்ணிப் பதறினேன். அவர் வலப்புறம் கை காட்டினார். மரங்களுக்கு அப்பால் ஒரு பள்ளிவாசலின் மினாரா தெரிந்தது. "இத்தனை வருடமும் அத்தாவும் நீங்களும் தோளைத் தொட்டுச் சொன்னால்தான் நிறுத்துவேன், தம்பி. இன்று பாங்குச் சத்தம் எனக்கே கேட்டது" என்றார். நெற்றியில் திருநீறு துலங்கிய அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

தொழுது திரும்பியபோது அம்மா தரைத் தகட்டிலிருந்த அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அத்தா இருந்திருந்தால் இதை முன்பே செய்திருப்பார்கள்" என்றார்கள்.

அல்ஹம்துலில்லாஹ்! என் கேள்விக்கு அன்று விடை கிடைத்தது.