கல்லாகிப் போன பிரேக் பெடல்

பி.காம். படிக்கிறவனுக்கு பிரேக்கில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் கண்ட இடத்தில் கை வைக்கக் கூடாது, வித்தியாசம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய காருக்கும் அதே கணக்குதான் :-)

எங்கள் தாத்தாவிடம் ஒரு அம்பாசடர் இருக்கிறது. இசுசு பெட்ரோல் எஞ்சின், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டி. 2014-இல் கம்பெனியே அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. தாத்தா ஓட்டுவதை நிறுத்தவில்லை. திடீரென்று பெடல் கல் மாதிரி ஆனது. ஒரு மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார். தாத்தாவோ, "வண்டியில ஒண்ணும் இல்லடா, என் கால்லதான் வலு போயிடுச்சு. வித்துடுங்க" என்று சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். 76 வயதுக்காரர் அப்படிச் சொன்னால் வீட்டில் யார் மறுப்பார்கள்? எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கும். அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் ஆயில் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர். கல் மாதிரி நின்றால் முதல் சந்தேகம் பூஸ்டர் மேல். எஞ்சின் இழுக்கும் வேக்குவம் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பூஸ்டருக்குப் போய், நம் காலோடு சேர்ந்து அழுத்துகிறது.

சோதிக்கக் காசே வேண்டாம். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிச்சமிருந்த வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். எங்கள் வண்டியில் இம்மி அசையவில்லை.

ஆக, தாத்தாவின் காலில் குறை இல்லை!

குழாயில் ஓட்டை இருந்தால் 'உஸ்' சத்தம் வரும், ஐடிலிங் தடுமாறும். இரண்டும் இல்லை. எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் பக்கம் குழாயைக் கழற்றி விரலை வைத்தேன். இழுப்பே இல்லை. மேனிஃபோல்ட் பக்கம் வைத்தால் விரலைப் பிடித்து இழுக்கிறது. நடுவில் இருப்பது குழாய் மட்டும்தான். வெளியே புதுசு மாதிரி பளபளப்பு. அறுத்துப் பார்த்தால் உள் ரப்பர் உப்பி வழியை அடைத்திருந்தது. வேக்குவத்துக்கென்றே வரும் குழாயை மாற்றினோம். சாதாரணத் தண்ணீர்க் குழாய் போட்டால் இழுப்பில் அமுங்கிவிடும்.

சோதனையில் பெடல் ஒழுங்காக இறங்கியும் வண்டி நிற்கச் சிரமப்பட்டால், சக்கரப் பக்கம் பாருங்கள்: பளபளவென்று தேய்ந்த லைனர், இறுகிப்போன வீல் சிலிண்டர், தப்பான ஆயில் ஊற்றி உப்பிய ரப்பர். பூஸ்டரே இல்லாத பழைய அம்பாசடருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதன் பெடல் பிறவியிலேயே கொஞ்சம் கடினம்.

கடைசியாக ஒன்று. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைக்கும் பழக்கம் சில பெரியவர்களுக்கு உண்டு. பூஸ்டர் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். இரண்டு மூன்று மிதிக்குமேல் வேக்குவம் இருக்காது. எஞ்சின் தானாக அணைந்துவிட்டாலும் விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். ஒரே அழுத்தாக அழுத்தி வண்டியை நிறுத்துங்கள்.