இரு சக்கர மோகம்

மோகங்கள் பலவகை. சிலருக்குப் பொன்மீது மோகம். சிலருக்குப் பதவிமீது மோகம். எனக்கோ இரண்டு சக்கரங்களின்மீது! புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வெளிவரப் போகிறது என்று கேட்டால் போதும், திருவிழாவுக்குக் காத்திருக்கும் சிறுவனைப்போல நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

இதில் வேடிக்கை யாதெனில், நான் அந்தமான்காரன். எந்தத் திசையில் வண்டியை விரட்டினாலும் எங்கள் நிலம் சட்டென்று தீர்ந்துவிடும். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து தெற்கே சிடியா டாப்புவுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அதற்கப்பால் அலைகள்தாம்! "இந்த ஊருக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கடா?" என்று தந்தையார் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், ஆசை நிலப்படத்தைப் பார்த்துக்கொண்டா பிறக்கிறது?

நான் விரும்பும் வண்டிக்குச் சென்னையே பிறந்தகம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனம் 'புல்லட்' என்னும் பெயரை முதன்முதலில் 1932இல் தன் வண்டிக்குச் சூட்டியது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970இல் இங்கிலாந்துத் தாய்வீடு மறைந்தது. திருவொற்றியூர்ப் பிள்ளையோ பிழைத்து வளர்ந்தது!

இன்று அந்தக் குடும்பத்தில் எத்தனை புதுமுகங்கள்! 2018இல் இந்தியாவில் வெளிவந்த 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் 'இன்டர்செப்டர்' ஓர் அழகு. 2023இல் வந்த 452 சி.சி. 'ஹிமாலயன்' இன்னோர் அழகு. பழைய புல்லட்டின் எஞ்சினைக் காற்றுதான் குளிரவைத்தது. இதில் குழாய்களில் ஓடும் திரவம் அந்த வேலையைச் செய்கிறது. ஆறு கியர்கள். முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் உருண்டு கடக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் எங்கள் தீவுச் சாலைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அத்தகைய வண்டி ஒன்றைச் சென்னையில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார். அது ஹாடோ துறையில் இறங்கிய நாளில் நாங்கள் ஐந்து பேர் மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோல் போயிருந்தோம். கடற்காற்றின் உப்பு துரு பிடிக்க வைத்துவிடுமே என்று, மறுநாள் முதல் அண்ணன் சங்கிலிக்கு எண்ணெய் இடுவார். நான் துணியோடு அருகில் நிற்பேன். கைம்மாறாகத் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கலாம்!

அந்தத் தெருமுனையில் என் ஆசை நிற்கவில்லை. வடக்கே டிக்லிப்பூர் வரை அந்தமான் நெடுஞ்சாலையில் 330 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று அது வளர்ந்தது. ஆனால் அச்சாலையில் ஜிர்காடாங் முதல் நடு நீரிணை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காடு. பேருந்தில் அவ்வழியே போயிருக்கிறேன். குறித்த நேரத்தில் வண்டிகள் அணியாகச் செல்லும், நடுவில் நிற்கலாகாது, படம் எடுக்கலாகாது. அங்கு வாழ்வோர் சில நூறு பேர்தாம். 1998 வாக்கில்தான் அவர்கள் வெளியாரோடு அச்சமின்றிப் பழகத் தொடங்கினர். 1999இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. அப்பகுதிச் சாலையை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் போக்குவரத்து ஓயவில்லை. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வட தீவுகளின் மக்கள் அச்சாலையை நம்பியிருப்பதும் உண்மையே.

பிணியாளன் போகட்டும், காய்கறி போகட்டும். என் உல்லாசத்துக்கும் அந்தக் காடு வழிவிட வேண்டுமா? ஒருவர் வீட்டு முற்றத்தில் எஞ்சினை முறுக்கி ஓட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது?

ஆதலால் என் கனவைச் சற்றே திருத்திக்கொண்டேன். படிப்பு முடியட்டும், சம்பளம் வரட்டும், 'ஹிமாலயன்' வாங்குவது உறுதி! கப்பலில் ஏற்றி மாயாபந்தர் சேர்க்க வழி கிடைத்தால், அங்கிருந்து வடக்கே டிக்லிப்பூருக்கு ஓட்டுவேன். தூரம் குறைவுதான். குறைந்தால் என்ன? மெல்ல ஓட்டினால் நீண்ட நேரம் ஓட்டலாம் அன்றோ!