உப்பளத்து வெயிலும் மதினியின் சிறுநீரகமும்

தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து அளங்களில்தான் விளைகிறது. அங்கே இருபது வருஷமாக உப்பு வாருகிறார்கள் என் மதினி. சித்திரை, வைகாசியில் வெயில் தலைக்கு மேலிருந்து ஒரு பங்கு, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புவது ஒரு பங்கு. தண்ணீர் குடிக்கலாமே என்பீர்கள். குடித்தால் ஒதுங்க வேண்டுமே! கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தியும் வரப்பும்தான், மறைவு ஏது? காலையில் குடித்த நீராகாரத்தோடு சரி. சாயங்காலம் இடுப்பு விட்டுப் போகும். கடையில் சீட்டில்லாமலே கிடைக்கிற வலி மாத்திரை ஒன்று போட்டால் மறுநாள் எழும்பலாம்.

போன வைகாசியில் இரண்டு நாள் வாந்தி, வயிற்றோட்டம். அதோடும் மாத்திரை ஓடியது. மூன்றாம் நாள் காலையில் போனேன். முகம் ஊதியிருந்தது.

"ஏளா, நேத்து ராத்திரியிலேருந்து ஒன்னுக்கே வரலியே" என்றார்கள்.

"எந்திரிங்க மதினி, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்று ஆட்டோ வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று. ரத்தத்தில் கிரியாட்டினின் 4.6. ஆறு மாதம் முன்பு ஒரு முகாமில் பார்த்தபோது 0.8 இருந்த சீட்டை அண்ணன் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாயிற்று. இரண்டு நாளைக்குள் 0.3 கூடினாலே, அல்லது ஒரு வாரத்தில் ஒன்றரை மடங்கானாலே, அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பாம். ஸ்கேனில் கல்லோ அடைப்போ இல்லை; சிறுநீரகம் சுருங்கவும் இல்லை. உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் தன் ரத்தக்குழாயை விரித்துச் சமாளிக்கப் பார்க்குமாம். வலி மாத்திரை அந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

மாத்திரையை நிறுத்தி சலைன் ஏற்றினார்கள். அதுவும் அளந்துதான்; மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டியூப் வைத்து மணிக்கு எத்தனை மில்லி இறங்குகிறது என்று நர்ஸ் எழுதிக்கொண்டே இருந்தாள். மதினிக்கு ஐம்பது கிலோ எடை. மணிக்கு 25 மில்லியாவது வர வேண்டும். முதல் நாள் அதில் பாதிகூட இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு இரண்டு இளநீர். நர்ஸ் பார்த்ததும் எடுத்து வெளியே வைக்கச் சொல்லிவிட்டாள். சிறுநீர் பிரியாதபோது இளநீரிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடக் கூடுமாம். சூட்டுக்கு இளநீரைத் தவிர வேறு தெரியாத ஊரில் இதைச் சொல்லி நம்பவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது!

பொட்டாசியம் குறையாவிட்டால், மூச்சு வாங்கினால் டயாலிசிஸ் என்றார்கள். "காலம் பூரா மிஷின்தானா?" என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டார். இந்த நோயில் பெரும்பாலும் சில தடவையோடு முடிந்துவிடும் என்று டாக்டரம்மா தேற்றினார். கடவுள் புண்ணியம், அதற்கு வேலை வரவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் பிரிந்தது. ஒன்பதாம் நாள் கிரியாட்டினின் 1.2.

மதினி ஒருவர் கதை மட்டுமில்லை இது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்து, வெயிலில் உழைப்பவர்களிடம் சிறுநீரகத் திறன் குறைவதைக் கண்டிருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தோம். சரியாக இருந்தது. மதினி திரும்ப அளத்துக்குப் போகிறார்கள், இரண்டு பாட்டில் தண்ணீரோடு. மறைவுக்கு, பழைய சேலையை நாலு கம்பில் கட்டிப் பெண்கள் தாங்களே ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அது நிற்குமா என்றுதான் தெரியவில்லை.